நூல்களுக்காக எழுந்த மாளிகை

மாளிகை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பருத்த தூண்களும் பளிங்குத் தளங்களும் வாயிற் காவலருமே. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும், இத்தகைய மாளிகைகளுக்குக் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்த கைகளின் பெயர்களை வரலாறு பெரும்பாலும் பொறித்து வைக்கவில்லை. உழைத்தும் ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த ஒருவர் தாமே எழுப்பிய மாளிகை ஒன்று, இன்று மும்பை என வழங்கும் பம்பாயின் தாதர் பகுதியில், இந்து காலனியில் நிற்கின்றது. அதுவே அண்ணல் அம்பேத்கரின் ராஜகிருகம்.

அம்மாளிகையின் பெருமையை உணர வேண்டுமாயின், நாம் 1917ஆம் ஆண்டிற்குச் செல்லல் வேண்டும். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல், பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். அந்நகரில் தங்குவதற்கு அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். உண்மை அறிந்தோர் தடிகளுடன் வந்து அவரை வெளியேற்றினர். பம்பாய் செல்லும் இரயிலுக்காக, அப்பேரறிஞர் பொதுப் பூங்காவிலே பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அதே ஆண்டில்தான், அவர் அரும்பாடுபட்டுத் திரட்டித் தனிக் கப்பலில் அனுப்பிய நூல்களும், அக்கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டமையால், கடலுக்கு இரையாயின.

பின்னர், பரேல் பகுதியில் நகர மேம்பாட்டுக் கழகம் தொழிலாளர்க்கெனக் கட்டிய குடியிருப்பில், இரு சிற்றறைகளில் அவர் குடும்பத்துடன் வாழ்ந்தார். தாதர்ப் பகுதியை மனைகளாக வகுத்ததும் அதே கழகந்தான். ஆனால், அது நடுத்தர வகுப்பார்க்கென வகுக்கப்பட்டது. அங்கே 1930களின் தொடக்கத்தில் மனை வாங்கிக் கடன் பெற்று அண்ணல் வீடு எழுப்பினார்.

கட்டட அமைப்பினை நோக்குவோம். கீழ்த்தளத்தில் மூன்று மூன்று அறைகள் கொண்ட இரு பகுதிகள் குடும்பத்திற்கு. மேல்தளமோ நூலகத்திற்கும் அலுவலகத்திற்கும் உரியது. மன்னர் மாளிகையில் அரியணைக்குத் தரும் இடத்தை இவர் நூல்களுக்குத் தந்தார். அவருடைய நூற்றொகை 50,000க்கும் மேற்பட்டதென்பர். புத்தர் பெருமான் உலவிய மகத நாட்டுத் தலைநகரின் பெயரையே வீட்டிற்குச் சூட்டினார். 1956ஆம் ஆண்டு அவர் பௌத்தம் தழுவுதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, அப்பெயர் அவ்வாயிலில் விளங்கியது.

இம்மாளிகைக்குக் கொடுத்த விலையையும் நாம் மறத்தல் ஆகாது. வறுமையிலும் பிள்ளைகளை இழந்த துயரிலும் கணவரின் கல்விக்குத் துணைநின்ற இரமாபாய் அம்மையார், புது வீட்டில் நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1935 மே 27 அன்று அவ்வீட்டிலேயே அவர் மறைந்தார். ராஜகிருகத்தோடு கட்டிய சார்மினார் என்னும் மற்றொரு வீட்டை 1941இல் அண்ணல் விற்றார். கடனைத் தீர்க்கவும் நூல்கள் வாங்கவுமே விற்றார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் சித்தார்த்தா கல்லூரியையும் தோற்றுவித்து, தம் நூல்கள் பலவற்றையும் அக்கல்லூரிக்கு ஈந்தார். தமக்கெனச் சேர்த்த அறிவுச் செல்வம் தம்மோடு முடிதல் கூடாதென்பதே அவர் கருத்து.

1956 டிசம்பரில் தில்லியில் அவர் மறைந்தபோது, அவருடல் இவ்வீட்டிற்கே கொணரப்பட்டது. இலட்சக்கணக்கான மக்கள் கண்ணீர் சொரிந்தனர். 2020 சூலை 7 அன்று சிலர் புகுந்து சாளரக் கண்ணாடிகளையும் பூந்தொட்டிகளையும் உடைத்தனர் என்னும் செய்தி நம் நெஞ்சைப் புண்படுத்தியது. கண்ணாடியை உடைக்கலாம்; கற்ற கல்வியை உடைக்க எவராலும் இயலாது.

இளைஞர்களே! ராஜகிருகத்தின் படத்தைச் சுவரில் மாட்டி மாலையிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் வீடு ஓரறைக் குடிசையாயினும், அதில் நூல்களுக்கென ஒரு பலகை வேண்டும். நம் சேரிக்கு ஒரு படிப்பகம் வேண்டும். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம், வருகின்ற ஆண்டுகளில் தன் செயலால் அளக்கப்படுமாயின், அதற்குரிய அளவுகோல் இதுவேயாகும்: நம்மிடையே எத்தனை வீடுகளில் மேலான இடம் நூல்களுக்குத் தரப்பட்டது?