ஆலையும் ஆலயமும்

திருவள்ளூரில் கோயில் கொண்டிருக்கும் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று ஒரு பெயர் உண்டு. பெருமாளுக்கு எத்தனையோ திருநாமங்கள். ஆனால் ஜனங்களின் நாவில் நிலைத்த பெயர் இது. தீராத வயிற்று வலி, தோல் வியாதி, விட்டு விட்டு வரும் காய்ச்சல் எதுவானாலும், அமாவாசைக்கு அங்கே போய், ஹிருத்தாபநாசினி என்ற திருக்குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு வருவதாக வேண்டிக்கொள்வார்கள். வெல்லம் கரைவது போல் நோயும் கரைய வேண்டும் என்பது நம்பிக்கை. தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் கேட்க வேண்டியதில்லை. முதல் நாள் இரவே ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி, கோயில் வாசலிலும் குளக்கரையிலும் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் முழுக்கு, பித்ருக்களுக்குத் தர்ப்பணம், அதன் பிறகு தரிசனம்.

2020-ம் வருஷம் ஆடி அமாவாசை ஜூலை 20-ந் தேதி வந்தது. கோயில் கதவு மட்டும் ஜனங்களுக்குத் திறக்கவில்லை. கொரோனாவுக்காக மார்ச் மாதத்தில் சாத்திய கதவு அது. வைத்தியன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ளே போகாதே, நோய் வரும்" என்று சொன்னால் நோயாளி எங்கே போவான்? அவன் பேசாமல் வீட்டுக்குத் திரும்பலாம். அல்லது கோர்ட்டுக்குப் போகலாம். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் இந்தியாவிலும் அயல் நாடுகளிலும் பலர் கோர்ட்டுக்குத்தான் போனார்கள். தொற்று நோயின் பெயரால் சர்க்கார் பக்தர் கூட்டத்தைத் தடுக்கலாமா? தடுக்கலாமென்றால் எந்த அளவுக்கு? இதுதான் வழக்கு.

நோய்க் காலத்தில் கூட்டம் கூடாது என்பது நமக்கு வெள்ளைக்காரன் வந்து கற்றுக் கொடுத்த பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், ஊரார் அந்தப் படியை மிதிப்பதில்லை. அந்த வீட்டாரும் பிறர் வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், ஊரை விட்டு வெளியே போய் இரவு தங்கக் கூடாது என்பது கிராமத்துக் கட்டுப்பாடு. இதை எவரும் தெய்வத்துக்கு விரோதமாக எண்ணியதில்லை. தெய்வத்தின் உத்தரவாகவே எண்ணினார்கள். கட்டுப்பாடு ஊருக்குள்ளேயே பிறந்தது. பணக்காரன், ஏழை என்று வித்தியாசம் பார்க்கவில்லை. அதனால் யாரும் வழக்காடவில்லை.

வழக்காடும் நிலைமை ரயிலோடு வந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. திருவள்ளூர் அந்தப் பாதையில் இருக்கிறது. அதற்கு முன்பு மாட்டு வண்டியில் நாள் கணக்காகப் பிரயாணம் செய்தவன், காலையில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் சாமி தரிசனம் செய்தான். அதே வேகத்தில் காலராவும் பிரயாணம் செய்தது. 1866-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மகாநாட்டில், ஹிந்துக்களின் தீர்த்த யாத்திரையும் முஸ்லிம்களின் மெக்கா யாத்திரையும் காலராவைச் சுமந்து செல்லும் வழிகள் என்று ஐரோப்பியர்கள் விரலை நீட்டினார்கள். மறு வருஷமே ஹரித்துவாரத்துக் கும்பமேளாவிலிருந்து திரும்பியவர்களோடு காலரா வட இந்தியா முழுவதும் பரவியது. 1884-ல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய நிபுணர் காலராக் கிருமியைக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் கண்டார். குளம் என்றால் நமக்குப் பாவத்தையும் பிணியையும் போக்குவது. அந்த விஞ்ஞானிக்கோ பிணி பிறக்கும் இடம். இரண்டு பேரும் ஒரே தண்ணீரைத்தான் பார்த்தார்கள்.

1892-ல் ஹரித்துவாரத்தில் கூடியிருந்த யாத்ரிகர்களைச் சர்க்கார் காலராவைக் காரணம் காட்டிக் கலைத்து அனுப்பியது. பத்திரிகைகளில் பெரிய கண்டனம் எழுந்தது. 1897-ல் பம்பாய்ப் பிளேக்கின்போது தொற்று நோய்ச் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம். ஆனால் அதற்கு எதையும் செய்யும் அதிகாரம் இருந்தது. நமது மாகாணத்தில் 1939-ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் பக்குவமானது. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே அதில் ஒரு தனி அத்தியாயம் வைத்தார்கள். கூட்டம் கூடட்டும், ஆனால் கூடுகிற இடத்தில் நல்ல குடிதண்ணீரும் கக்கூஸும் வைத்திய வசதியும் இருக்க வேண்டும் என்பது அதன் போக்கு. கலைப்பதைவிடக் காப்பது மேல் என்பதைச் சர்க்கார் புரிந்துகொண்டிருந்தது.

பிறகு சுதந்திரம் வந்தது. அரசியல் சட்டம் வந்தது. மத சுதந்திரத்தைத் தரும் 25-வது ஷரத்து எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? உரிமையைச் சொல்வதற்கு முன்பாகவே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இம்மூன்றுக்கும் உட்பட்டே எவரும் தம் மதத்தை அனுசரிக்கலாம். 'சுகாதாரம்' என்ற அந்த ஒரு சொல் அயர்லாந்தின் அரசியல் சட்டத்திலுள்ள மத சுதந்திர ஷரத்தில் இல்லை; அமெரிக்க அரசியல் சட்டத்தில் மூன்றில் ஒன்றுமே இல்லை. காலராவும் பிளேக்கும் கண்ட தேசமல்லவா? எழுதியவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிடவில்லை. எழுபது வருஷங்களுக்குப் பின்பு நடந்த அத்தனை வழக்குகளின் தலைவிதியும் அந்தச் சொல்லில் அடங்கியிருந்தது.

அதற்கு ஒரு முன்னோட்டம் 2000-ம் வருஷத்திலேயே நடந்தது. மாதவரம் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஜெபக் கூடம். ஒலிபெருக்கியும் மேளமும் வைத்து ஆராதனை நடக்கும். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் தூக்கமில்லை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சபையார் சொன்ன பதில் கவனிக்கத் தக்கது: "சத்தம் எங்களுடையது மட்டுமல்ல, சாலையில் ஓடும் லாரியும் பஸ்ஸும் சத்தம் போடுகின்றனவே?" சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தை ஏற்கவில்லை. பிறருடைய அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று கூறி, சபையாரின் அப்பீலைத் தள்ளியது. நோயாளியும் முதியவரும் படிக்கும் பிள்ளையும் இருக்கும் இடத்தில் சத்தமும் ஒரு சுகாதாரப் பிரச்னை என்பது அதன் முடிவு. ஆனால் சபையார் கேட்ட அந்தக் கேள்வி, "எங்களை மட்டும் ஏன்?" என்ற கேள்வி, தீர்ப்போடு செத்துவிடவில்லை. இருபது வருஷம் கழித்து வேறு வேஷத்தில் திரும்பி வந்தது.

2020 மே மாதத்தில் தமிழ்நாட்டில் தொழிற்சாலைகள் நிபந்தனைகளோடு திறக்க ஆரம்பித்தன. திருவள்ளூருக்கு வடகிழக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. இரும்பு உருக்கும் ஆலைகள், இயந்திர பாகங்கள் செய்யும் ஆலைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் பலராகத் தங்கி வேலை செய்யும் தொழிலாளர்கள். ஆலை திறந்தாயிற்று. ஆலயம் மட்டும் ஏன் திறக்கவில்லை? மதுக்கடை விஷயம் இன்னும் வேடிக்கை. மே 7-ந் தேதி சர்க்கார் திறந்தது; மறு நாள் ஹைகோர்ட்டு மூடச் சொன்னது; 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது; 16-ந் தேதி பெரும்பாலான ஊர்களில் கடை திறந்தது. பெரிய கோயில்கள் திறக்க செப்டம்பர் 1-ந் தேதி ஆயிற்று. வரிசையில் நின்று பாட்டில் வாங்கலாம், வரிசையில் நின்று தீர்த்தம் வாங்கக் கூடாதா என்று ஜனங்கள் கேட்டதில் ஆச்சரியம் என்ன?

இதற்கு வைத்திய சாஸ்திரத்தின் பதில் ஒன்று இருக்கிறது. அது லேசான பதிலல்ல. ஆலைக்கு வருகிறவன் யார், எந்த ஊர் என்று ரிஜிஸ்தரில் இருக்கிறது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவனோடு நின்றவர்களைக் கண்டுபிடிக்கலாம். திருவிழாவுக்கு வருகிறவர்களோ நூறு ஊர்களிலிருந்து வந்து, ஒன்றாக முழுகி, ஒன்றாக உண்டு, மறுபடி நூறு ஊர்களுக்குத் திரும்புகிறார்கள். எவரை எங்கே தேடுவது? இந்த வித்தியாசம் உண்மையானது. ஆனால் கடைத் தெருவும் மதுக்கடையும் ஆலையைப் போன்றவையா, திருவிழாவைப் போன்றவையா என்று கேட்டால் சாஸ்திரம் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது.

கோர்ட்டுகளும் தடுமாறின. கும்மிடிப்பூண்டி ஒடிசாத் தொழிலாளியின் தெய்வம் பூரி ஜகந்நாதர். அந்த ஜகந்நாதரின் தேரோட்டத்தை 2020 ஜூன் 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. நாம் இதை அனுமதித்தால் ஜகந்நாதரே நம்மை மன்னிக்க மாட்டார் என்றார் பிரதம நீதிபதி பாப்டே. நான்கு நாள் கழித்து அதே கோர்ட்டு, ஊரடங்குக்குள்ளே, ஒரு தேருக்கு 500 பேருக்கு மேல் போகாமல் இழுக்கலாம் என்று அனுமதித்தது. தேர் ஓடிற்று, ஜனங்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். ஆகஸ்டில் பம்பாயின் மூன்று ஜைனக் கோயில்களுக்குப் பர்யூஷண் வழிபாட்டுக்காக அனுமதி கிடைத்தது. பண லாபம் சம்பந்தப்பட்ட காரியங்களுக்கெல்லாம் வழி விட்டு, கோயில் என்றால் மட்டும் கோவிட்டைக் காட்டுவது விசித்திரமாயிருக்கிறதே என்று நீதிபதிகள் சர்க்காரைக் கேட்டார்கள். அதே மாதக் கடைசியில் மொஹரம் ஊர்வலத்துக்கு நாடு முழுவதற்கும் அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஓர் ஊர், ஒரு தேர் என்றால் நிலைமையைக் கணக்கிடலாம், தேசம் முழுவதற்கும் எப்படிப் பொது உத்தரவு போடுவது என்பது அவர்கள் சொன்ன காரணம். நமது ஹைகோர்ட்டும் விநாயக சதுர்த்திக்குப் பொது இடத்தில் பிள்ளையார் வைப்பதற்கும் ஊர்வலத்துக்கும் இருந்த தடையை நீக்கவில்லை. வீட்டுப் பிள்ளையாரைத் தனி மனிதர்கள் பக்கத்து நீர்நிலையில் கரைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் இடம் கொடுத்தது. நவம்பரில் பா.ஜ.க. தலைவர் எல். முருகன் திருத்தணியிலிருந்து திருச்செந்தூருக்கு வேல் யாத்திரை தொடங்கியபோது, சர்க்கார் தொற்றைக் காட்டி அனுமதி மறுத்தது. 6-ந் தேதி திருத்தணியில் அவர் கைதானார். அந்த விவகாரமும் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அது பக்தியா, அரசியலா என்று ஊரே விவாதித்தது. கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அமெரிக்காவில் கதை வேறு விதமாக முடிந்தது. 2020 மே மாதம் கலிபோர்னியாவில் ஒரு மாதா கோயில் தொடுத்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்று அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு சர்க்கார் பக்கம் நின்றது. செப்டம்பரில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற நீதிபதி காலமானார், வேறொருவர் வந்தார். நவம்பர் 25-ந் தேதி அதே ஐந்துக்கு நான்கு, கட்சி மாறி விழுந்தது. நியூயார்க்கில் சிவப்பு வட்டாரத்துக் கோயில்களில் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்ற உத்தரவு செல்லாது என்றார்கள். மதுக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் இல்லாத கட்டு தேவாலயத்துக்கும் யூத ஆலயத்துக்கும் மட்டும் ஏன் என்று ஒரு நீதிபதி எழுதினார். மாதவரத்துச் சபையாரின் கேள்விதான் அது! மதுக்கடை உதாரணம்கூட நம்முடையதைப் பார்த்து எழுதினது போலிருக்கிறது. அங்கே அந்தக் கேள்வி ஜெயித்தது; இங்கே பெரும்பாலும் தோற்றது. காரணம், நம் சட்டத்தில் 'சுகாதாரம்' என்ற சொல் முன்வாசலிலேயே நிற்கிறது. அங்கே அது இல்லை.

2021 ஜனவரியில் ஸ்ரீரங்கத்து உற்சவங்களைப் பற்றிய வழக்கில் நமது ஹைகோர்ட்டு அந்தச் சொல்லை மறுபடி நினைவூட்டியது. மதச் சடங்குகள் பொது நலனுக்கும் உயிர் வாழும் உரிமைக்கும் உட்பட்டவையே என்றது. சரியான வாக்குத்தான். ஆனால் அந்த ஏப்ரலில் என்ன நடந்தது? ஹரித்துவாரத்தில் மறுபடி கும்பமேளா கூடிற்று. தமிழ்நாட்டில் தேர்தல் கூட்டங்கள் அலை மோதின. இரண்டாவது அலை வந்து ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸுகள் வரிசையில் நின்றன. ஏப்ரல் 26-ந் தேதி அதே ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி சஞ்ஜீப் பானர்ஜி, தேர்தல் கமிஷன் மீது கொலைக் குற்றமே சாட்டலாம் போலிருக்கிறது என்று வெகுண்டார். சுப்ரீம் கோர்ட்டு அந்த வார்த்தை கடுமையானது என்று பின்னர் சொன்னது. வார்த்தை கடுமையாக இருக்கலாம், வேதனை நியாயமானது. அந்த ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் திருத்தணி மலைக்குப் போகும் வழி பக்தர்களுக்கு அடைபட்டுத்தான் இருந்தது.

ஆக, கோர்ட்டுக்குப் போனவர்களை நோயைப் பரப்பப் பார்த்தவர்கள் என்று ஏசுவது தவறு. அவர்களில் பலர் தோற்றார்கள். தோற்க வேண்டியதும் நியாயமே. கூட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் சர்க்காருக்கு இல்லாவிட்டால், 1867-ன் ஹரித்துவாரமே மறுபடி மறுபடி நடக்கும். ஆனால் அவர்கள் போட்ட கேள்வி தோற்கவில்லை. ஒரே நோய்க்கு ஆலைக்கு ஒரு படி, ஆலயத்துக்கு ஒரு படி, மேடைப் பேச்சுக்கு ஒரு படி என்று அளந்தால், நோயைவிட அளக்கிறவன்மேல் சந்தேகம் வந்துவிடும். டில்லியில் தப்லீக் கூட்டத்துக்கு வந்தவர்களின் பேரில் போட்ட கிரிமினல் வழக்குகளைப் பம்பாய் ஹைகோர்ட்டின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில் ரத்துச் செய்து, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டார்கள் என்று எழுதியது. சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கோர்ட்டுக்குப் போகாதவர்கள்தான் அதிகம். ஆடி அமாவாசைக்குத் திருவள்ளூர் போக முடியாமல், வீட்டுக் கிணற்றடியிலோ குழாயடியிலோ எள்ளும் தண்ணீரும் இறைத்தவர்கள் லட்சக் கணக்கில் இருப்பார்கள். அவர்கள் அன்று விட்டுக்கொடுத்தது சின்ன விஷயமல்ல. வருஷத்தில் ஒரு நாள் தகப்பனுக்குச் செய்யும் கடன் அது. வேப்பிலை கண்ட வாசலில் நின்றுவிடும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. அடுத்த கொள்ளை நோய் வரும்போதும் அவர்கள் நிற்பார்கள். அப்போது சர்க்கார் அவர்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லா வாசலிலும் ஒரே வேப்பிலையைச் செருக வேண்டும்.