முள்ளும் வேலியும்: பலெர்மோவின் கள்ளித் தீவனம் குறித்து ஒரு மறுவாசிப்பு

பலெர்மோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில், பிரான்காச்சோவில், மாரேதோல்சே கோட்டை நிற்கிறது. அரபு அமீர்கள் காலத்து மாளிகையொன்றை நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 12ஆம் நூற்றாண்டில் விரித்துக் கட்டினார் என்பது பொதுவான கருத்து. எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்துவிடவில்லை. கோட்டையைச் சூழ்ந்திருந்த செயற்கை ஏரி வற்றியபின் அந்த நிலம் எலுமிச்சைத் தோப்பாயிற்று. எலுமிச்சை சிசிலிக்கு அரபு வழியாக வந்தது. அதே கணக்கில் சப்பாத்திக்கள்ளியையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு. அது பொருந்தாது. கள்ளி மெக்சிகோவின் செடி. 1492க்கு முன் அது மத்தியதரைக் கடலைக் கண்டிருக்க வழியில்லை. ஸ்பானிய ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டில், அது தீவுக்கு வந்திருக்க வேண்டும். எந்தப் பத்தாண்டில் என்பது முடிவாகாத கேள்வி. இந்தக் கட்டுரை அதற்குப் பிந்தைய ஒரு மாற்றத்தைப் பற்றியது: வேலிக்கும் பழத்துக்கும் நட்ட செடி வறட்சிக் காலத்தில் ஆடுமாடுகளின் தீவனமானது எப்படி?

இதற்கு மிக உரக்கச் சொல்லப்பட்ட விடை கலிபோர்னியாவின் தாவர இனமேம்பாட்டாளர் லூதர் பர்பேங்க் தந்தது. வறண்ட நாடுகளுக்கான புதிய கள்ளிகள் என்று அறிவித்து 1907இல் அவர் ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டார். அவருடைய வாதம் எளிமையானது. கள்ளியில் நீரும் ஊட்டமும் இருக்கின்றன. குறுக்கே நிற்பது முள் ஒன்றுதான். அதைத் தாம் இனச்சேர்க்கையாலும் தெரிவாலும் நீக்கிவிட்டதால் பாலைநிலம் இனி மேய்ச்சல் நிலமாகும். மடல்கள் நல்ல விலைக்கு விற்றன. அமெரிக்க வேளாண் துறையில் கள்ளியை ஆராய்ந்துவந்த டேவிட் கிரிஃபித்ஸ் இதை ஏற்கவில்லை. 1905இலேயே கள்ளித் தீவனம் பற்றித் தனி அறிக்கை எழுதியவர் அவர். முள்ளற்ற வகைகள் பழையவை, மத்தியதரை நாடுகளில் நன்கு அறியப்பட்டவை என்பது அவர் நிலைப்பாடு. பர்பேங்கும் பல நாட்டு மடல்களை வரவழைத்தே வேலையைத் தொடங்கினார். யார் முதலில் என்ற வழக்கில் கிரிஃபித்ஸ் வென்றார் என்றே கொள்ளலாம். ஆனால் பர்பேங்கின் ஆழமான தவறு முந்துரிமை பற்றியது அல்ல. முள்ளைத் தடையாக மட்டுமே அவர் பார்த்தார். வறட்சித் தீவனத்தின் வரலாற்றில் முள்தான் காவல்.

முதலில் பழமையைப் பார்ப்போம். லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவரத் தொகுப்பில் கள்ளிகள் பலவற்றுக்கு ஒற்றை வரி விவரிப்பு உண்டு. ‘டூனா’ என்ற கள்ளிக்குக் குத்தூசி போன்ற முள் என்று குறித்த அவர், இங்கே பேசும் கள்ளியான ‘ஃபிகஸ் இண்டிகா’வுக்கு மயிர்போன்ற முள் என்கிறார். இந்த ஒரு சொல் வேறுபாடு கவனிக்கத்தக்கது. கள்ளி மடலின் ஒவ்வொரு கண்ணிலும் இருவகை உறுப்புகள் வளரலாம்: விரலைக் குத்தும் பெருமுள் ஒன்று, தோலில் ஏறி அரிக்கும் சுணை மற்றொன்று. லின்னேயஸ் கண்டது பெருமுள் இல்லாத, சுணை மட்டுமே உள்ள மடல் என்று வாசிப்பதே பொருத்தம். 1826இல் நேப்பிள்ஸ் தாவரவியலாளர் மிக்கேலே தெனோரே, இத்தாலியில் வளர்ந்த முள்ளுள்ள வடிவத்துக்கு ‘அமிக்ளேயா’ என்று தனிப்பெயரே இட்டார். முள்ளில்லாதது வழக்கமானதாக இருந்திராவிட்டால் முள்ளுள்ளதைப் பிரித்துப் பெயரிடத் தேவை எழுந்திருக்காது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. லின்னேயஸ் எந்தச் செடியை மனத்தில் வைத்து எழுதினார் என்பதே சிக்கலானது. அதைத் தீர்க்க 1991இல் தாவரவியலாளர் லாய்ன்பெர்கர் தனிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. முள்ளில்லா வடிவம் இருந்தது என்பதால் அது தீவனமாயிற்று என்றும் ஆகிவிடாது. பழம் பறிப்பவர் வசதிக்காகவும் அதைக் காத்திருக்கலாம். இந்த இரண்டாம் தடையை நான் எடையோடு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் செடியின் இயல்பு நம் பக்கம் சாட்சி சொல்கிறது. முள்ளில்லாக் கள்ளியின் விதையிலிருந்து முளைப்பவற்றில் முள் மீண்டும் தலைகாட்டும். ஆகவே அந்த வடிவம் நூற்றாண்டுகள் நீடிக்க வேண்டுமானால் யாரோ தலைமுறைதோறும் மடலை வெட்டி ஊன்றியிருக்க வேண்டும். வாய் வைக்க வரும் ஆட்டைத் தடுத்துமிருக்க வேண்டும். ஆட்டை எட்டவிட்டால் அது முதலில் தின்று தீர்ப்பது முள்ளில்லாததைத்தான். சிசிலியில் முள்ளில்லா வகைகள் கற்சுவர் சூழ்ந்த தோட்டத்துக்குள் பிழைத்தன. அங்கே ஜூனில் முதற்பூவைக் கிள்ளிவிட்டு இலையுதிர் காலத்தில் பெரிய பழம் எடுக்கும் ‘ஸ்கோட்சொலாத்தூரா’ முறை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. மரத்தைக் கவாத்து செய்யும்போது மடல்கள் குவியலாக விழுகின்றன. சிசிலியின் கோடையில் மழை மிக அரிது, புல் கருகிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் ஆடோ கழுதையோ வைத்திருந்த குடியானவர் அந்தக் குவியலை அழுகவிட்டிருப்பார் என்று நம்புவது கடினம். ஆவணம் மெலிந்த இடம் இது. இருந்தாலும், பழத்தின் பக்கவிளைவாகத் தொடங்கி, கையால் வெட்டித் தொட்டியில் போடும் பழக்கத்தின் வழியே கள்ளி தீவனமாயிற்று என்பதே எல்லாச் சான்றுகளோடும் இணங்குகிறது. முள்ளை ஒருவர் நீக்கியதால் நேர்ந்த திருப்பமாக இதைக் காண இடமில்லை.

டெக்சஸ் இதன் மறுபக்கம். அங்கே முள்கள்ளி வெட்டவெளியில் காவலின்றி நின்றது. புல் இருக்கும் ஆண்டில் மாடு தொடாது. வறட்சி வந்ததும் பண்ணையாளர் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்கு விட்டனர். முள் அங்கே களஞ்சியத்தின் பூட்டாகச் செயல்பட்டது. முள்ளை எடுத்தவர் அதற்கு ஈடாக வேலி போட வேண்டும் என்பதைப் பர்பேங்கின் கணக்கு விட்டுவிட்டது.

அப்படியானால் வடகிழக்குப் பிரேசிலும் நடுத் துனிசியாவும் முள்ளில்லாக் கள்ளியைப் பெருமளவில் நட்டு வெற்றி கண்டது எப்படி என்று கேட்கலாம். இரண்டு இடத்திலும் அது பெரும்பாலும் வெட்டிக் கொடுக்கும் தீவனம். காரணம் செடியின் ஊட்டத்திலும் இருக்கிறது. மடலில் 85 முதல் 90 விழுக்காடு நீர், உலர் எடையில் புரதம் 5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும், சாம்பல்சத்து மிகுதி. தனியாகத் தின்றால் மாட்டுக்குக் கழிச்சல். வைக்கோலோடும் ஏதேனும் புரதத்தோடும் சேர்த்தால்தான் பயன். துனிசியாவில் பென் சாலமும் உடன் ஆய்வாளரும் செம்மறிகளுக்கு வைக்கோலோடு கள்ளியைக் கூட்டிக் கொடுத்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், கள்ளி கூடக்கூட ஆடுகள் குடிக்கும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வறட்சியில் தீவனத்துக்கு முன்னே தீர்வது தண்ணீர்தானே. கள்ளியின் உண்மையான பெறுமதி அங்கே இருக்கிறது. 2024இல் சிசிலி வறட்சியால் நெருக்கடி நிலை அறிவித்து, கால்நடை வளர்ப்போர் வைக்கோலுக்கும் தண்ணீருக்கும் ஒருசேரத் தவித்தபோது இந்தப் பழைய அறிவுக்கு மீண்டும் பொருள் வந்தது.

இந்தியாவுக்கு இந்த வாசிப்பு ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழகத்திலேயே காரணம் உண்டு. பலெர்மோவின் தாவரவியல் பூங்கா திறக்கப்பட்ட அதே 1795இல், சாயப்பூச்சி என்று தவறாகக் கருதப்பட்ட ஒரு கொச்சினீல் பூச்சி பிரேசிலிலிருந்து வங்கத்துக்கு வந்தது. பின்னர் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு ஒருவகைக் கள்ளியை அழித்தது. வேலியாகப் பரவியிருந்த மற்றொரு சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926இல் ‘டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே’ என்ற பூச்சி இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் சரிந்தன. இதே இனப் பூச்சிதான் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலின் தீவனக் கள்ளியையும், 2014 முதல் மொராக்கோவின் கள்ளித் தோட்டங்களையும் வாட்டியது. இப்போது மத்தியப் பிரதேசத்தின் அம்லாஹாவில், வறண்ட நில வேளாண்மைக்கான பன்னாட்டு ஆய்வு மையமான இக்கார்டாவின் நிலையம் முள்ளில்லா வகைகளைச் சேகரித்து வளர்க்கிறது. தரிசில் கள்ளி நடுவது பற்றி 2022இல் ஒன்றிய அரசின் நிலவளத் துறையும் பேசியது. தென்னாப்பிரிக்க ஆய்வுகள் இந்தப் பூச்சிக்குள் இரண்டு உயிர்வகைகளைப் பிரித்துக் காட்டியுள்ளன. ஒன்று தழைக்கும் கள்ளியில் மற்றது தழைப்பதில்லை. 1926இல் வந்தது வேலிக்கள்ளியை அழிக்கத் தெரிவு செய்யப்பட்ட வகை என்பதால் தீவனக் கள்ளி தப்பலாம். பிரேசிலைத் தாக்கிய வகை உள்ளே வந்தால் தப்பாது. ஆகவே இராமநாதபுரத்துக்கோ விருதுநகருக்கோ மடல் கட்டு அனுப்புவதற்கு முன், அந்தக் கட்டு தனிமைக் காப்பில் இருந்து வந்ததா, நடும் இடத்துக்கு வேலி போடும் செலவு திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.