தொட்டால் கெட்டுப்போகும் என்ற பயமும், ஒரு சின்னக் கணினியின் வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் வாப்பா, உம்மாமார் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோஷம்.

நாங்கள் படித்த காலத்தில் பாடசாலைக் கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் பூப்போட்ட துணி உறை. ஒரு கணினிக்கு ஐந்து பேர். மௌஸ் நம் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். சேர் சொல்லித்தந்த முதல் பாடம், "எதையும் தொடாதீங்க, கெட்டுப்போனா திருத்தக் காசில்ல" என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்று பழுதானால் கடிதம் எழுதி, ஆள் வந்து பார்க்க மாதக்கணக்கில் செல்லும். ஆகவே அறை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது.

பிறகு கல்வியியற் கல்லூரி முடித்து நாங்களே ஆசிரியர்களாக வகுப்பில் நின்றபோது, எங்கள் வாயிலும் முதலில் வந்தது அதே "தொடாதீங்க" தான்.

அந்தச் சொல்லை எங்கள் வாயிலிருந்து எடுத்தது, வங்கி அட்டை அளவேயான ஒரு சின்னக் கணினி. பெயர் ராஸ்பெரி பை. (பை என்றதும் பிள்ளைகள் தங்கள் புத்தகப் பையைப் பார்த்துச் சிரித்தார்கள்.) அதை எப்படிப் பாவிப்பது என்று பலர் கேட்கிறார்கள். அதைச் சொல்லுமுன் அது ஏன் செய்யப்பட்டது என்ற கதையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கதை நமது பிள்ளைகளின் கதையும்தான்.

■ 1981, கேம்பிரிட்ஜ்

1980களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிபிசி, பொதுமக்களுக்குக் கணினி அறிவைக் கொடுக்க ஒரு திட்டம் தொடங்கியது. தொலைக்காட்சி நிகழ்ச்சி மட்டும் போதாது, பார்ப்பவர்கள் கூடவே செய்து பழக ஒரு கணினியும் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏகோர்ன் என்ற சிறிய நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. 1981 டிசம்பரில் வெளிவந்த அந்த பிபிசி மைக்ரோவில் மொடல் ஏ, மொடல் பி என்று இரண்டு வகை. ஆரம்ப விலை 235 பவுண், 335 பவுண். சுமார் 12,000 விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். 15 இலட்சத்துக்கு மேல் விற்றது. பாடசாலைகள் வாங்குவதற்கு அரசாங்கம் பாதி விலையைக் கொடுத்தது.

மொடல் பியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். வெள்ளிக்கிழமை நமது குடும்பக் குழுமத்தில் வரும் ஒரு ஜும்ஆ முபாரக் படம் அதைவிடப் பெரியது!

ஆனால் அதில் ஒரு விசேஷம் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் திரையில் இரண்டு மூன்று வரிகள், அதன் கீழே ஒரு சிறிய குறி. அவ்வளவுதான். நீங்கள் எதையாவது எழுதும்வரை அது சும்மா காத்திருக்கும். பேசிக் மொழியில் இரண்டு வரி எழுதினால் உங்கள் பெயர் திரை முழுக்க ஓடும். பிழையாக எழுதினால் பிழை என்று சொல்லும். குழப்பிவிட்டால் அணைத்துப் போட்டால் போதும், பழையபடி வந்து நிற்கும். பிள்ளை எதை எழுதினாலும் அதைக் கெடுக்க முடியாது.

அதே ஏகோர்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபேர்பர் என்ற இருவர் பிறகு ஒரு புதிய சிப்பை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று அது முதன்முதலாக இயங்கியது. மின் அளவைப் பார்த்தபோது மானி பூச்சியத்தைக் காட்டியதாம். தேடிப் பார்த்தால், சிப்புக்கு வர வேண்டிய மின்சாரமே இணைக்கப்பட்டிருக்கவில்லை. மற்ற இணைப்புகளின் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! அதுதான் ஆர்ம் சிப். இன்று நம் எல்லோருடைய கைப்பேசிக்குள்ளும் இருப்பது அதன் பேரப்பிள்ளைகள்.

■ கணினி கூடியது, எழுதத் தெரிந்தவர் குறைந்தனர்

இருபது வருடங்கள் கழிந்தன. 2000க்குப் பிறகு பிரிட்டனில் வீட்டுக்கு வீடு கணினி. ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு விசித்திரம். அங்கே சென் ஜோன்ஸ் கல்லூரியில் கணினி விஞ்ஞான மாணவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஈபென் அப்டன். சிறுவயதில் பிபிசி மைக்ரோவில் எழுதிப் பழகியவர். கணினி விஞ்ஞானம் படிக்க விண்ணப்பிப்பவர்களின் தொகை குறைந்துகொண்டே போவதைக் கண்டார். வருபவர்களுக்கும் முந்திய தலைமுறைக்குத் தெரிந்த அளவு தெரியவில்லை. 1990களில் வந்த மாணவன் பல மொழிகளில் புரோகிராம் எழுதிவிட்டு வருவான். இப்போது வருபவன் ஓர் இணையப் பக்கம் செய்திருந்தாலே பெரிய விஷயம்.

காரணம் என்ன? பழைய கணினி, எழுதச் சொல்லிக் காத்திருந்தது. புதிய கணினியில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது, அழுத்தினால் போதும். அத்தோடு அது விலை கூடியது, குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. வாப்பாவின் வேலை அதில், அக்காவின் படிப்பு அதில். யார்தான் பிள்ளையை விட்டு அதைக் கிளற விடுவார்கள்? பாடசாலையிலோ கடிதம் தட்டச்சிடுவதும் ஸ்லைட் செய்வதுமே பாடம்.

இந்த இடத்தில் நாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். இது நமது ஊரைப் பற்றி யாரோ எழுதியது போலிருந்தது.

2011 ஆகஸ்டில் எடின்பரோவில் உரையாற்றிய கூகுள் நிறுவனத் தலைவர் எரிக் ஷ்மிட், பிரிட்டனின் பாடசாலைகளில் கணினி விஞ்ஞானம் ஒரு வழமையான பாடமாக இல்லை என்பதைக் கேட்டுத் திகைத்துப் போனதாகச் சொன்னார். மென்பொருளைப் பாவிக்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள், அது எப்படிச் செய்யப்படுகிறது என்று கற்றுக்கொடுப்பதில்லை என்பதே அவரது குறை. அடுத்த வருடமே பழைய பாடத்திட்டத்தை மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. 2014 செப்டெம்பரிலிருந்து இங்கிலாந்தில் ஐந்து வயதுப் பிள்ளை முதல் புரோகிராமிங்கின் அடிப்படையைப் படிக்கிறது.

■ 25 டொலர் வாக்கு

அப்டனும் நண்பர்களும் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. 2006இலேயே கையால் வயர் ஒட்டி ஒரு மாதிரியைச் செய்து பார்த்தார்கள். 2009இல் ராஸ்பெரி பை மன்றம் ஒரு தர்ம நிறுவனமாகப் பதிவானது. ஆப்பிள், ஏப்ரிகொட் என்று கணினி நிறுவனங்களுக்குப் பழப் பெயர் வைக்கும் பழைய வழக்கத்திலிருந்து ராஸ்பெரி வந்தது. பைதன் மொழியின் பெயரிலிருந்து பை வந்தது.

2011 மே மாதம், பிபிசி செய்தியாளர் ஒருவர் அந்தச் சின்னக் கணினியின் மாதிரியைக் காட்டும் ஒரு சிறு வீடியோவை வெளியிட்டார். சில நாட்களில் அதை சுமார் 6 இலட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அப்போதுதான் இவர்களுக்கு விளங்கியது: இத்தனை பேருக்கு 25 டொலர் கணினி தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம், இனிப் பின்வாங்க முடியாது.

2012 பெப்ரவரி 29. விற்பனை தொடங்கிய காலையிலேயே இரண்டு விநியோக நிறுவனங்களின் இணையத்தளங்களும் நெரிசல் தாங்காமல் விழுந்தன. 10,000 விற்றால் போதும் என்று நினைத்தவர்களுக்கு முதல் நாளிலேயே ஒரு இலட்சம் கட்டளைகள். விலை மொடல் ஏக்கு 25 டொலர், மொடல் பிக்கு 35 டொலர். அந்தப் பெயர்கள் பிபிசி மைக்ரோவுக்குச் செய்த மரியாதை.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. முதல் தொகுதியில் வலையமைப்பு வயர் செருகும் பகுதியைத் தொழிற்சாலை வேறு வகையில் பொருத்திவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு சான்றிதழ் தாமதம். அதே வருடம் உற்பத்தியின் பெரும் பகுதியை சீனாவிலிருந்து வேல்ஸில் உள்ள சோனி தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். 2015 நவம்பரில் 5 டொலர் விலையில் பை ஸீரோ வந்தது. அவர்களுடைய மாத சஞ்சிகையின் அட்டையில் அதை இலவசமாக ஒட்டிக் கொடுத்தார்கள். சஞ்சிகை வாங்கினால் கணினி இலவசம்!

கசப்பான பக்கமும் உண்டு. 2021 முதல் 2023 வரை உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. அப்போது தொழிற்சாலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்காகப் பிறந்த கணினி பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. 2024 ஜூனில் வணிகப் பிரிவு லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதற்குள் 6 கோடிக்கு மேல் விற்றிருந்தது. நமக்கு இன்னொரு இடியும் விழுந்தது. 2022 தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதம் 360 ரூபா. ஒரே 35 டொலர், 7,000 ரூபாவிலிருந்து 12,600 ரூபாவாகியது.

■ சரி, எப்படித் தொடங்குவது?

எங்களிடம் இருப்பது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சகோதரர் தந்த பழைய பை 3. புதிதாக வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்:

• பையோடு தேவையானவை: ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை (16 ஜிபி போதும்), எச்டிஎம்ஐ உள்ள ஒரு டீவி, ஒரு கீபோர்ட், ஒரு மௌஸ். டீவியும் கீபோர்டும் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பை 4, பை ஸீரோ ஆகியவற்றின் எச்டிஎம்ஐ துளை சிறியது. வயர் வாங்குமுன் பாருங்கள்.

• மின்சாரம்: கண்ட கண்ட போன் சார்ஜரைக் குத்தாதீர்கள். மின்சாரம் போதாவிட்டால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும்.

• இயங்குதளத்தை இன்னொரு கணினியிலிருந்து அட்டையில் எழுத வேண்டும். அதற்கான இமேஜர் மென்பொருள் இலவசம். அட்டையைச் செருகி, சுவிட்சைப் போட்டால் சரி. பைதன் எழுதத் தொனி என்ற மென்பொருள் உள்ளேயே இருக்கும்.

• முதல் வேலை: ஒரு எல்ஈடி மின்குமிழ், 330 ஓம் தடை ஒன்று, இரண்டு வயர். ஊசிகளில் 17ஆம் இலக்க வெளியீட்டையும் தரை இணைப்பையும் பாவித்து, பைதனில் நான்கைந்து வரி எழுதினால் குமிழ் மினுங்கும். அந்த ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டும். 5 வோல்ட்டை அவற்றில் கொடுத்தால் பை போய்விடும். "தொடாதே" என்று சொல்ல வேண்டிய ஒரே இடம் இதுதான்.

• முறையாக அணைத்துவிட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அட்டையில் உள்ளது பழுதாகலாம்.

பழுதானால்? அட்டையை எடுத்து மீண்டும் எழுதுங்கள். அரை மணித்தியாலத்தில் புதுக் கணினி. பிபிசி மைக்ரோவை அணைத்துப் போட்ட அதே நிம்மதி. எங்கள் வகுப்பில் ஒரு தவணைக்குள் ஏழு தடவை அட்டையைக் கெடுத்தார்கள். ஏழு தடவையும் பிள்ளைகளே திரும்ப எழுதினார்கள். யாருக்கும் ஏச்சு விழவில்லை.

■ பிழை காட்டிய பலகை

பிள்ளைகள் அதில் தொழுகை நேரம் காட்டும் பலகை ஒன்று செய்தார்கள். நன்றாகவே ஓடியது. ஒருநாள் இரண்டு மணித்தியால மின்வெட்டு. மின்சாரம் வந்தபோது இணையம் வரவில்லை. மஃரிபுக்கு பாங்கு சொல்கிறார்கள், எங்கள் பலகையோ இன்னும் அஸர் நேரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் கணக்கில்தான் பிழை என்று சூரியனின் கோணத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். எங்களுக்கும் பிடிபடவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தரம் 9 மாணவி ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னாள்: "சேர், பைக்குள்ள பற்றரி மணிக்கூடு இல்ல. அணைஞ்ச நேரத்திலிருந்துதான் திரும்ப எண்ணத் தொடங்குது." உண்மை. இணையம் வந்தால்தான் அது நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். பற்றரியோடு வரும் சின்ன மணிக்கூட்டுப் பலகை ஒன்றை வாங்கிப் பூட்டினோம். அதன்பின் பிசகவில்லை.

அல்ஜீப்ரா தந்தவர் அல்-குவாரிஸ்மி என்று ஒவ்வொரு கலை விழாவிலும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லிவிட்டுக் கணினி அறையைப் பூட்டிச் சாவியை அலுமாரிக்குள் வைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் விடை சொல்லிக் கொடுக்கவில்லை. கெடுத்துப் பார்க்க ஒரு பொருளையும், இரண்டு நாள் அவகாசத்தையும் மட்டுமே கொடுத்தோம்.

உங்கள் வீட்டில் பாவிக்காத டீவி, கீபோர்ட், மௌஸ் மூலையில் கிடந்தால் எங்களுக்குத் தாருங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளை அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும் கட்டாயம் அனுப்புங்கள். வரும்போது எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.