நாயின் புண்ணும் மனிதனின் கடனும்

மனிதனோடு முதன்முதல் உறவு பூண்ட விலங்கு நாய் என்பது தொல்லியலாளர் பலரின் துணிபு. ஆயினும் மருத்துவ வரலாற்றை நோக்குவோர், இவ்வளவு பழைய தோழனுக்கு அங்கு கிடைத்த இடம் மிகச் சிறிதென்பதைக் காண்பர். அண்மைக் காலத்தில் உயிர்க்கலங்களைக் கொண்டு நாயின் புண்ணை ஆற்றும் முறையொன்று ஆராயப்பட்டு வருகின்றது. அம்முறை எவ்வழியாக வந்தது, அதற்கு முன் நாயின் புண் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று எனது ஊர். அங்கே நாயில்லாத வளவு அரிது. காட்டுப்பன்றி தாக்கிய காயம், முட்கம்பி கிழித்த காயம், வாகனம் மோதிய காயம் என நாய்களுக்குப் புண்கள் பலவாறு நேரும். இலையான் மொய்த்துப் புழு வைத்த புண்ணுக்கு அம்மம்மா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவார். சில ஆறின, சில நாய்கள் வேலியோரம் கிடந்து இறந்தன. நாய் தன் புண்ணை நக்கியே ஆற்றிக்கொள்ளும் என்று ஊரார் தம்மைத் தேற்றிக்கொள்வர். உண்மையில் ஓயாது நக்குதல் புண்ணைப் பெருப்பிக்கவே செய்யும்.

விலங்கு மருத்துவம் நம் நாட்டுக்குப் புதியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்குமான இருவகை மருத்துவ ஏற்பாடுகளைப் பற்றிக் கூறுகின்றது. சோழர், பாண்டியர் முதலியோரின் நாடுகளும், தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் அக்கல்வெட்டிலே குறிக்கப்பட்டுள்ளன. கி.பி. நான்காம் நூற்றாண்டளவில் அநுராதபுரத்தில் ஆண்ட புத்ததாசன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியரை நியமித்தான் என்று சூளவம்சம் கூறும். தமிழிலே மாட்டு வாகடம் என்னும் நூல்வகை தோன்றியது. வன்னித் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகச் செலுத்தியவை யானைகளே. போருக்கும் வாணிகத்துக்கும் உழவுக்கும் உதவிய விலங்குகளின் நோயே அரசருக்கும் நூலாருக்கும் பெரிதாகத் தோன்றியது. வாசலைக் காத்த நாயோ செலவின்றிக் கிடைத்தது. ஒன்று இறந்தால் மற்றொன்று வரும். எனவே அதன் புண்ணை எழுதி வைக்க வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை எனலாம்.

ஐரோப்பியரின் விலங்கு மருத்துவமும் இவ்வழியிலேயே தொடங்கியது. 1761 இல் பிரான்சிய அரசின் ஆணையால் லியோன் நகரில் நிறுவப்பட்ட முதற் கல்லூரியின் கவலை கால்நடைகளின் கொள்ளைநோயும் குதிரைகளுமே. சென்னையில் 1903 இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. இலங்கையிலோ, 1893 ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச்சட்டத்திலே நாய் அரசின் கண்ணுக்குப் புலப்பட்டது. ஆனால் நோயாளியாக அன்று, ஆபத்தாக. மனித உயிரைக் காக்க அச்சட்டம் வேண்டப்பட்டதே. எனினும், அச்சம் வந்த பின்னரும் அன்பு வரவில்லை என்பதையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் நாய் மருத்துவத்தின் நடுவிடத்துக்கு வந்தது. ஆயின் தன் பொருட்டன்று. 1921 இல் இன்சுலின் கண்டறியப்பட்டது நாய்களில் நடந்த பரிசோதனைகளாலே. ஐக்கிய அமெரிக்காவில் டொனல் தோமஸ் என்பார் என்புமச்சை மாற்றுச் சிகிச்சையை 1950 களிலிருந்து நாய்களில் ஆராய்ந்தார். கதிர்வீச்சால் மச்சை அழிக்கப்பட்ட அவ்விலங்குகளுட் பல மாண்டன. அவ்வறிவு குருதிப் புற்றுநோயாளர் பலரை வாழ்வித்தது. தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றார். ஓர் உடலின் கலங்கள் மற்றோர் உடலிற் புகுந்து வாழக்கூடும் என்னும் உண்மையை மனிதன் பெரிதும் நாயின் உடலிலேதான் கற்றான்.

இதற்கிடையில் வேறிரு வழிகளும் திறந்தன. சோவியத்து அறிஞர் பிரீடென்ஸ்டைன் என்புமச்சையில் இழையங்களை உருவாக்கவல்ல கலங்களைக் கண்டு, 1970 இல் அவற்றின் வளர்ப்பை விளக்கினார். 1975 இல் ரைன்வால்ட், கிறீன் என்போர் மனித மேற்றோலின் கலங்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தனர். 1981 அளவில் அத்தகைய தோல் தீப்புண்ணாளருக்கு இடப்பட்டது. மூலக்கலங்கள் என இன்று வழங்கும் கலங்களைக் கொழுப்பிழையத்திலிருந்தும் பெறலாம் என்பது 2001 அளவில் நிலைநாட்டப்பட்டது.

இவ்வறிவே பின்னர் நாயை நோக்கித் திரும்பியது. இடுப்பு மூட்டு நோயுற்ற நாய்களுக்குக் கொழுப்பிழையக் கலங்களை அளித்த ஆய்வொன்று 2007 இல் வெளிவந்தது. 2020 இல் ஸ்பானியாவின் ஆய்வாளர், வேறு நாய்களிடமிருந்து பெற்று வளர்த்த கலங்களைப் புண்ணின் விளிம்பைச் சூழ ஊசியால் ஏற்றி, தோல் மூடி வருதலைக் கண்டனர். இந்தியாவின் இசத்நகர் விலங்கு மருத்துவ ஆய்வு நிறுவகத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்துள்ளன. ஏற்றப்படும் கலங்கள் தாமே தோலாக மாறுதல் சிறிதே. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, புதிய குருதிக் குழாய்களைத் தூண்டி, உடலின் சொந்தக் கலங்களைப் பணிக்கு அழைக்கின்றன. நாயின் உடலில் தோல் தளர்ந்திருப்பதால் அங்குள்ள புண்கள் பெரிதும் சுருங்கியே மூடுகின்றன. தோல் குறைந்த கீழ்க்கால்களிலோ புண் ஆறாது நீடிக்கும். அங்கேதான் இம்முறை பெரிதும் வேண்டப்படுகின்றது.

இஃது இன்னும் ஆய்வு நிலையிலுள்ள முறையே; செலவும் மிகுதி. புண்ணைக் கழுவிப் புழுவை நீக்கி, அழுகிய தசையை அகற்றாத இடத்தில் எக்கலமும் பயன் தராது. ஆதலின் எம்மூருக்கு முதலில் வேண்டப்படுவது ஆய்வுகூடமன்று. எட்டிய தூரத்தில் ஒரு மிருக வைத்தியரும், தூய நீரும், விசர்நோய்த் தடுப்பூசியுமே.

2009 இன் தொடக்கத்தில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்தபோது நான் சிறுவன். எங்கள் நாய் படலையடியில் நின்றது. நாங்கள் மீண்டபோது அஃது அங்கில்லை. போருக்குப் பின் இம்மண்ணிற் புதைந்த கண்ணிவெடிகளைக் கண்டறியும் பணியில் மோப்ப நாய்களும் ஈடுபட்டன. நாம் இன்று அச்சமின்றி நடக்கும் வழிகளுட் சிலவற்றில் அவை முன்னர் நடந்தன என்பதை நினைத்தல் வேண்டும்.

மனிதன் நாயின் உடலிலே கற்ற வித்தை, நாயின் புண்ணுக்கு மருந்தாகத் திரும்புதல் தருமமன்று, கடன் தீர்த்தலே. அக்கடனின் முதற் பங்கைச் செலுத்த மூலக்கலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலியோரம் கிடக்கும் நாயின் புண்ணைக் கழுவ எழும் கையே போதும்.