யாரோடு யார்? கோல்ஃப் ஆட்டக் குழுக்களின் வரலாறும் பேராக் திடல்களும்

தொழில்முறை கோல்ஃப் போட்டி எதுவானாலும் முதல் பந்து அடிபடுவதற்கு முன்பே ஒரு தாள் வெளியாகிவிடும். யார் யாரோடு ஆடுகிறார், எந்த டீயிலிருந்து (ஆட்டம் தொடங்கும் இடம்), எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். மலேசியாவில் இந்தக் குழுவை ‘ஃப்ளைட்’ என்பார்கள். ‘நீ யார் ஃப்ளைட்டில்?’ என்பதுதான் ஈப்போ கிளப் வாசல்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி. பார்வையாளர்கள் அந்தத் தாளை நேர அட்டவணையாக மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் அந்த விளையாட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்பதை அதுபோல் காட்டிக்கொடுக்கும் ஆவணம் வேறில்லை. குழு பிரிக்கும் முறை நூற்றைம்பது ஆண்டுகளில் எப்படி மாறியது, அந்த மாற்றம் ஈப்போ அமைந்த பேராக் மாநிலத்தின் திடல்களில் எப்படித் தெரிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கத்தில் குழு என்பது கண்காணிப்புக்கான ஏற்பாடு. 1860இல் ஸ்காட்லாந்தின் பிரஸ்ட்விக்கில் முதல் ஓப்பன் போட்டி நடந்தபோது ஆடியவர்கள் எட்டே பேர். 12 குழித் திடலை ஒரே நாளில் மூன்று முறை சுற்றினார்கள். ஆட்டக்காரர்கள் ஏமாற்றிவிடக் கூடாதென்று ஒவ்வொரு ஜோடியுடனும் ஒரு மார்க்கர் அனுப்பப்பட்டார். அந்த அவநம்பிக்கை பின்னாளில் விதியாகவே நிலைபெற்றது. இன்று ஒருவரின் ஸ்கோர் அட்டையை உடன் ஆடும் இன்னொருவர் எழுதுகிறார்; இருவரும் கையெழுத்திட்ட பிறகே அது செல்லும். ஆகவே ஒரு குழுவில் இருப்பவர்கள் போட்டியாளர்கள், அதே வேளையில் ஒருவருக்கொருவர் சாட்சிகள். நடுவர் கூடவே நடக்காத விளையாட்டில் இதைவிட மலிவான காவல் கிடைக்காது.

சாட்சி வேண்டும் என்பது முடிவானது. அந்தச் சாட்சி யார் என்பது நெடுங்காலம் சீட்டுக் குலுக்கலிலும் அமைப்பாளர்களின் விருப்பத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னணியில் இருப்பவர் கடைசியாக ஆட வேண்டும் என்று நாம் இன்று இயல்பாக எண்ணுவது அன்று யாருக்கும் தோன்றவில்லை. 1935இல் அமெரிக்காவின் அகஸ்டாவில் கிரெய்க் வுட் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு, வென்றதாகவே கருதப்பட்டு கிளப் ஹவுஸில் அமர்ந்திருந்தார். வால்டர் ஹேகனுடன் ஜோடியாக இன்னும் திடலில் இருந்த ஜீன் சாரசன், 15ஆம் குழியில் தன் இரண்டாவது அடியையே குழிக்குள் போட்டு மூன்று அடிப் பின்னடைவை ஒரே வீச்சில் சமன்செய்தார். மறுநாள் 36 குழிப் பிளேஆஃபில் வென்றவரும் அவர்தான். அந்த அடியை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலரே. கூட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குழு வரிசை அன்று சொல்லித்தரவில்லை.

அமைப்பாளர்களின் விருப்பம் ஆட்டத்தின் முடிவையே தொட்டுவிடக்கூடும் என்பதற்கு 1956 நல்ல சான்று. அகஸ்டாவில் நடக்கும் அதே மாஸ்டர்ஸ் போட்டியில் மூன்றாம் சுற்றின் முடிவில் முன்னிலை வகிப்பவருடன் கடைசி நாளில் பழைய சாம்பியன் பைரன் நெல்சன் ஆடுவது அப்போது வழக்கம். அந்த ஆண்டு முன்னிலை வகித்தவர் கென் வெஞ்சூரி. அமெச்சூர், அதுவும் நெல்சனிடம் பாடம் பெற்றவர். குருவும் சீடனும் சேர்ந்து நடந்தால் பேச்சு வருமே என்று அமைப்பாளர்கள் தயங்கினார்கள். அதனால் வெஞ்சூரி சாம் ஸ்னீடுடன் ஆடினார். 80 அடித்தார். எட்டு அடி பின்தங்கியிருந்த ஜாக் பர்க் ஒரே அடி வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கினார். நெல்சன் கூட இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று யாரும் நிரூபிக்க முடியாது. உடன் நடப்பவர் யார் என்பது ஆட்டக்காரரின் மனத்துக்குப் பொருட்டு என்பதை மட்டும் அமைப்பாளர்கள் தங்கள் தயக்கத்தாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

1957இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓப்பனில்தான் முன்னணியில் இருப்பவர்களைக் கடைசியாக அனுப்பும் முறை புகுந்தது. தொலைக்காட்சி நேரலை வந்த காலத்திலேயே அது நிகழ்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. கேமராவுக்கு ஓர் உச்சக்கட்டம் தேவை. உச்சக்கட்டத்துக்கு ஒரு கடைசிக் குழு தேவை. 1977இல் டர்ன்பெர்ரியில் டாம் வாட்சனும் ஜாக் நிக்லாஸும் கடைசி இரு சுற்றுகளையும் ஒன்றாக ஆடியபோது இம்முறை தன் முழு வலிமையைக் காட்டியது. மூன்றாம் இடத்தவர் நிக்லாஸுக்கே பத்து அடி பின்னால் இருந்தார். பழைய குலுக்கல் முறை இருந்திருந்தால் அந்த இருவரும் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியே அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆனால் ஸ்கோரைக் கொண்டு குழு பிரிப்பது ‘கட்’, அதாவது பின்தங்கியவர்களைப் பாதியில் கழிப்பது, முடிந்த பிறகே செல்லுபடியாகும். முதல் இரண்டு நாள்களுக்கு ஸ்கோர் ஏது? அங்கேதான் தகுதிப் பிரிவுகள் நுழைகின்றன. அமெரிக்க பிஜிஏ டூரில் கணினிதான் குலுக்குகிறது. ஆனால் கணினிக்குப் பெயர்கள் போகும் முன்பே அவை பிரிக்கப்பட்டுவிடும். பட்டம் வென்றவர்கள் ஒரு பிரிவு, நிலைபெற்றவர்கள் அடுத்த பிரிவு, மற்றவர்கள் எல்லாரும் கடைசிப் பிரிவு. ஒரு பிரிவினர் தங்களுக்குள்தான் கலக்கப்படுவார்கள். கடைசிப் பிரிவுக்குக் கிடைப்பவை விடிகாலையின் முதல் நேரங்களும் மாலையின் கடைசி நேரங்களும். 2008 யுஎஸ் ஓப்பனில் குலுக்கல் என்ற பாவனையும் போயிற்று. உலகத் தரவரிசையின் முதல் மூவரான டைகர் உட்ஸ், பில் மிக்கல்சன், ஆடம் ஸ்காட் மூவரையும் ஒரே குழுவில் போட்டார்கள்.

இந்த வரலாற்றின் வால்தான் பேராக்கை எட்டியது. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் செழித்தது. துரைமார்களும் சுரங்க மேலாளர்களும் அரசு அதிகாரிகளும் தைப்பிங், பத்து காஜா, ஈப்போ ஊர்களில் கிளப்புகளையும் திடல்களையும் அமைத்துக்கொண்டார்கள். தமிழர்கள் அங்கே போனது புல் வெட்டவும் பை சுமக்கவும். மலேசியத் தொழில்முறை கோல்ஃபின் முதல் தலைமுறையில் பலர் கேடிகளாக இருந்து மட்டையைப் பிடித்தவர்கள். மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்றோர் மலேசியாவுக்காக உலகக் கோப்பையில் ஆடும் அளவுக்குத் தமிழ்ப் பெயர்கள் அந்த வட்டத்தில் உயர்ந்தன. பின்னாளில் மலேசிய ஓப்பன் எனப்பட்ட போட்டி 1962இல் ராயல் சிலாங்கூரில் தொடங்கியது. 1999இல் ஆசிய டூரோடு ஐரோப்பிய டூரும் அதில் கைகோர்த்தது. இரண்டு டூர்களின் பட்டியல்களை ஒரே தாளில் கலக்க வேண்டியிருந்ததால் உள்ளூர்க்காரர் எந்தக் குழுவில் போவார் என்ற கேள்விக்கு அதன்பின் கனம் கூடியது.

பேராக்கில் நடப்பவை அடுத்த படிநிலைப் போட்டிகள். ஆசிய டெவலப்மென்ட் டூர் 2010இல் உருவானது. பத்து காஜாவின் பழைய ஈயக் குட்டைகளுக்கு நடுவே அமைந்த கிளியர்வாட்டர் திடலில் அந்த டூரும் மலேசியாவின் பிஜிஎம் டூரும் சேர்ந்து போட்டி நடத்தியிருக்கின்றன. இங்கே தொலைக்காட்சியின் நெருக்குதல் குறைவு. குழுக்களைத் தீர்மானிக்கும் பெரிய சக்தி கடிகாரம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 156 பேர் என்றால் மும்மூன்று பேராக 52 குழுக்கள். முதல் டீ, பத்தாம் டீ இரண்டிலிருந்தும் காலையில் 13, பகலில் 13. பத்து நிமிட இடைவெளியில் 7.30க்குத் தொடங்கினால் காலையின் கடைசிக் குழு 9.30க்குப் போகும். அது ஒன்பது குழி முடித்துத் திரும்பும்போது மணி 12. பகல் குழுக்கள் 12.10க்குத் தொடங்கினால் கடைசிக் குழு 2.10க்கு. ஒரு சுற்றுக்கு ஐந்து மணி நேரம், முடியும்போது 7.10. ஈப்போவில் பொழுது சாய்வது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழிலிருந்து ஏழரைக்குள்தான். இதற்கிடையே கிழக்கில் தித்திவாங்சா மலைத்தொடரும் மேற்கில் கிளேடாங் மலையும் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி மழை வேறு. மின்னலுக்குச் சங்கு ஊதினால் பகல் குழுக்களின் ஆட்டம் அப்படியே நிற்கும். மறுநாள் விடிகாலையில் வந்து மிச்சத்தை முடித்து, உடனே இரண்டாம் சுற்றும் ஆட வேண்டும். முதல் நாள் காலையில் ஆடியவர் இரண்டாம் நாள் பகலில் ஆடுவது என்ற மாற்றுமுறைதான் இதற்கு ஈடு. குழு பிரிக்கும் கலையில் எனக்கு முழு மரியாதை உள்ள கண்டுபிடிப்பு இது ஒன்றே. ஆனால் அதுவும் அரை நீதிதான். இரண்டு நாளும் மழை ஒரே நேரத்தில் வருமென்று யார் எழுதிக்கொடுத்தார்கள்?

ஒரே பொழுதுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. முதலில் போகிறவருக்குக் கால் படாத பசும்பரப்பு. கடைசியில் போகிறவருக்கு முன்சென்ற பன்னிரண்டு குழுக்களின் காலடித் தடமும், நாள் ஏற ஏற வளர்ந்துவிட்ட புல்லும். பழைய ரப்பர் தோட்டங்களில் பெரட்டு நடந்த முறை இங்கே நினைவுக்கு வராமல் போகாது. விடியுமுன் பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். தாளைப் பார்த்தால் எல்லாருக்கும் அதே வேலை, அதே கூலி; மேட்டு நிரையும் தூர நிரையும் யார் தலையில் விழுகின்றன என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். போட்டிகளிலும் விதி எல்லாருக்கும் பொதுவானது. டீ நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாமதமானால் இரண்டு அடி தண்டம், அதற்குமேல் தகுதி இழப்பு. ஆனால் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு வந்து முதல் குழுவில் நிற்பவரும், பிற்பகலில் மேகம் இருட்டிவருவதைப் பார்த்தபடி கடைசிக் குழுவில் நிற்பவரும் பெரும்பாலும் தகுதிச் சுற்றில் தப்பிப் பிழைத்து வந்த இளையவர்களாகவே இருப்பது குலுக்கலின் விளைவாக இருக்க முடியாது.

2022இல் வந்த லிவ் கோல்ஃப் இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. தொடக்கத்தில் 48 பேர், 16 குழுக்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் தொடங்குவார்கள். பேராக் கிளப்புகளில் நிறுவனங்கள் நடத்தும் நட்பு ஆட்டங்களில் நெடுநாளாகப் புழங்கும் ஷாட்கன் முறைதான் அது. வானிலை எல்லாருக்கும் ஒன்றாகிறது, உண்மைதான். 156 பேருக்கு அது பொருந்தாது. ஆளைக் குறைத்து வாங்கிய சமத்துவம் அது. வெளியே நிற்பவர்கள் கடைசிப் பிரிவுக்காரர்களே.

பிரிவுகளே கூடாது என்று நான் வாதிடவில்லை. வென்றவருக்கு ஒரு சலுகை இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் பெயரும் நேரமும் மட்டும் இருந்தால் போதாது. எந்த ஆட்டக்காரர் எந்தப் பிரிவுக்குள் வைத்துக் குலுக்கப்பட்டார் என்பதையும் டூர் அலுவலகங்கள் அதிலேயே அச்சிட வேண்டும். ஈப்போவிலும் பத்து காஜாவிலும் நடக்கும் போட்டிகளிலிருந்தே அதைத் தொடங்கலாம். தாளில் கூடுதலாக ஒரு பத்திக்கு மேல் தேவைப்படாது.