மசூதித் தெருவின் பெரியவர்: மர்ஹூம் ஜைனுலாபுதீன் மரைக்காயரின் நெடுவாழ்வு

இராமநாதபுரம் கடற்கரையின் ஒவ்வொரு மஹல்லாவிலும் யாரேனும் ஒரு பெரியவரின் பெயர் இன்றளவும் மரியாதையுடன் நினைவுகூரப்படுவதைக் காண்கிறோம். அவர் பெரும் பொருள் ஈட்டியவராக இருக்க வேண்டியதில்லை; பட்டம் பெற்றவராகவும் இருக்க வேண்டியதில்லை. ஊர் அவரை நம்பியது என்பதே அவருடைய சிறப்பாகும். அத்தகைய பெரியவர்களுள் ஒருவர் இராமேஸ்வரம் மசூதித் தெருவில் வாழ்ந்த மர்ஹூம் ஜைனுலாபுதீன் மரைக்காயர் அவர்கள். நம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் தந்தை என்றே உலகம் அவரை அறியும். ஆனால், மகனுக்குப் பெயர் வருவதற்கு முன்பே தந்தைக்கு அத்தீவில் ஒரு பெயர் இருந்தது.

1976ஆம் ஆண்டு அவர் வபாத்தானபோது வயது 102 என்று கலாம் அவர்கள் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் குறிப்பிட்டுள்ளார். அக்கணக்கின்படி அவர் பிறந்தது 1870களின் நடுப்பகுதியாகும். அவருடைய இளமைக்காலத்தில் இராமேஸ்வரத்திற்கு வருவோர் மண்டபத்திலிருந்து கடலைத் தோணியிலேயே கடக்க வேண்டியிருந்தது. பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்ட 1914இல் அவர் நாற்பது வயதை எட்டியிருந்தார். இரண்டு உலகப் போர்களையும், நாட்டின் விடுதலையையும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையே அழித்த பெரும் புயலையும் கண்டவர் அவர். இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் தம் தீவையும், தம் தெருவையும், தம் பள்ளிவாசலையும் விட்டு அவர் அகலவில்லை.

முறையான கல்வியோ பெருஞ்செல்வமோ பெற்றவரல்லர் அவர். பஜ்ருக்கு முன்பே, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தொழுவார். பின்னர் வீட்டிலிருந்து நான்கு மைல் தொலைவில் இருந்த தென்னந்தோப்பிற்கு நடந்து செல்வார். ஏறத்தாழ ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்பிய பின்னரே காலை உணவு. அறுபது வயதைத் தாண்டிய பின்னரும் இவ்வழக்கம் நிற்கவில்லை. ஆடம்பரத்தை அவர் விரும்பியதில்லை. ஆயினும் உணவுக்கோ உடைக்கோ மருந்துக்கோ பிள்ளைகள் குறைப்பட்டதில்லை. துணைவியார் ஆசியம்மாள் அவர்கள் நாள்தோறும் உணவளித்தவர்களில், குடும்பத்தாரை விட வெளியாரே அதிகம் என்பது அவ்வீட்டைப் பற்றிய செய்தி.

இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரத்தாலான பாய்மரப் படகு ஒன்றை அவர் கட்டினார். தொழில் நன்கு நடந்து வருகையில் ஒரு சூறாவளி அப்படகைக் கொண்டுபோயிற்று. கடலை நம்பி வாழும் நம் மக்களுக்கு அந்த இழப்பின் அளவை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாலைத் தொழுகை முடித்து அவர் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, பல மதத்தவரும் கிண்ணங்களில் நீருடன் காத்திருப்பர். அவர் அந்நீரில் விரல் நனைத்துத் துஆ செய்து கொடுப்பார். நோய் நீங்கியவர்கள் நன்றி சொல்ல வந்தால், அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள் என்று புன்னகையுடன் கூறி அனுப்பிவிடுவார். தமக்கு வந்த புகழையும் தம்முடையதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இராமநாதசுவாமி கோவிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு நெருங்கிய நண்பர். இருவரும் தத்தம் உடையிலேயே அமர்ந்து ஆன்மீக விஷயங்களை உரையாடிய காட்சியைக் கலாம் அவர்கள் மறக்காமல் எழுதியுள்ளார். அவ்வூரில் தேவாலயம் கட்டிய பாதிரியார் போதல் அவர்களும் இவ்விருவருடன் கூடி ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்த்ததுண்டு. ஆண்டுதோறும் சீதா கல்யாண விழாவில் திருவுருவங்களை இராமதீர்த்தத்தின் நடுவிடத்திற்கு எடுத்துச் செல்லும் படகுகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் மரைக்காயர் குடும்பத்திடமே இருந்தது. தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றவரிடமே அண்டை வீட்டாரும் தம் அமானிதத்தை ஒப்படைத்தனர்.

இனி, பொறுப்பில் இருப்போர் அனைவரும் படித்தறிய வேண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

நாடு விடுதலை பெற்ற 1947இல் இராமேஸ்வரம் பஞ்சாயத்து போர்டுக்குத் தேர்தல் நடைபெற்றது. அதில் ஜைனுலாபுதீன் அவர்கள் உறுப்பினராகவும், பின்னர் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் ஒருநாள் இரவு அவர் தொழுகைக்குச் சென்றிருந்த நேரத்தில் ஒருவர் வீட்டிற்கு வந்தார். தாயாரும் தொழுகையில் இருந்தார். பாடம் படித்துக்கொண்டிருந்த மாணவர் கலாம், வந்தவர் கொண்டுவந்த பொருளைக் கட்டிலின் மேல் வைத்துச் செல்லுமாறு கூறிவிட்டார். தந்தை திரும்பி வந்து பிரித்துப் பார்த்தபோது அதில் வேட்டியும், அங்கவஸ்திரமும், பழங்களும், இனிப்புகளும் இருந்தன. அதுவரை மகன் கண்டிராத கோபம் தந்தைக்கு வந்தது. அன்றுதான் கலாம் அவரிடம் முதன்முறையாக அடி வாங்கினார்.

பின்னர் அழுதுகொண்டிருந்த மகனின் தோளைத் தொட்டு, தம் அனுமதியின்றி எவரிடமும் அன்பளிப்பு பெறக்கூடாது என்று அவர் எடுத்துரைத்தார். ஒருவனைப் பொறுப்பில் அமர்த்தும் இறைவன் அவனுக்குரியதையும் அளித்துவிடுகிறான். அதற்கு மேல் பெறுவது முறையற்ற ஆதாயம் என்ற கருத்திலமைந்த ஹதீஸையும் விளக்கினார்.

பஞ்சாயத்து போர்டு சிறியது; வந்த பொருளும் சிறியது. ஆயினும் அந்தப் பாடம் அவ்வீட்டோடு நின்றுவிடவில்லை. 2006ஆம் ஆண்டு கலாம் அவர்களின் உறவினர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர் புதுடெல்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் சில நாட்கள் தங்கினர். அக்குழுவின் மூத்தவர், ஜைனுலாபுதீன் அவர்களின் மூத்த மகனார் முத்து மீரா லெப்பை மரைக்காயர். அப்போது அவருக்கு வயது 90ஐ ஒட்டியிருந்தது. உறவினர்களின் தங்குதலுக்கும் உணவுக்கும் ஆன செலவு முழுவதற்கும் கணக்குப் பார்த்து, சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைக் கலாம் அவர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினார். கேட்பார் எவருமில்லை, கொடுக்கும்படி கட்டளையும் இல்லை. தந்தை அந்த இரவில் சொன்னது மட்டுமே இருந்தது.

2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் கலாம் அவர்கள் காலமானார். 30ஆம் தேதி இராமேஸ்வரம் பேக்கரும்பில் அவரது ஜனாஸா நல்லடக்கம் செய்யப்பட்டது. 98 வயது கடந்த அண்ணன், தம்பியின் பிரிவைத் தாங்க நேர்ந்தது. அப்பெரியவரும் 2021 மார்ச் 7 அன்று, தமது 104ஆம் வயதில், வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தந்தைக்கு 102, மகனுக்கு 104. இரண்டு தலைமுறைகளுக்குள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு அந்த ஒரே தெருவில் அடங்கியிருந்தது.

ஜமாஅத் பெருமக்களே! நீண்ட ஆயுள் அல்லாஹ்வின் அருள். அந்த ஆயுளை ஊர் எப்படி நினைவுகூர வேண்டும் என்பது நாம் நடந்துகொள்ளும் முறையில் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகமாயினும், பைத்துல்மால் கணக்காயினும், ஊராட்சிப் பதவியாயினும் அவை நம்மிடம் தரப்பட்ட அமானிதமே. வாசலில் வைத்துச் செல்லப்படும் ஒரு சிறு தட்டில்தான் அதற்குச் சோதனை வருகிறது. அன்று தந்தை பாராமுகமாக இருந்திருந்தால் கேட்டிருப்பார் யார்?

மகன் எழுதியதனால் இச்செய்தி நமக்குக் கிடைத்தது. நம் மஹல்லாவிலும் எண்பதும் தொண்ணூறும் கடந்த பெரியவர்கள் உள்ளனர். அவர்களிடமும் இத்தகைய நிகழ்ச்சிகள் இருக்கும். இளைஞர்கள் அவர்களருகே அமர்ந்து கேட்டு, குறித்து வைக்க வேண்டும். அவர்கள் மறைந்தபின் வருந்துவதில் பயனில்லை.

மறைந்த நம் பெரியோர்கள் அனைவரின் பிழைகளையும் எல்லாம் வல்ல அல்லாஹ் பொறுத்து, அவர்களுக்கு மேலான சுவன பதவியை வழங்குவானாக! வாழும் பெரியவர்களுக்கு நலமும், நமக்கு அமானிதம் பேணும் உறுதியும் தருவானாக! ஆமீன்.