கையில் ஒரு பெருக்கல் குறி

பையனுக்குப் பதினாறு வயது. போன மாதம் ஒருநாள் வந்து, "இந்திரா நகர்ல ஒரு ஹார்ட்கோர் பங்க் கச்சேரிப்பா, போகட்டுமா?" என்றான். "பேரே பயமா இருக்கே" என்றார் தங்கமணி. நான் கேட்டது, "டிக்கெட் எவ்வளவுடா?" (பேங்க்காரன் புத்தி வேறெங்கே போகும்!)

கடைசியில் எங்கள் இருவருக்கும் வேலை வைக்காமல் வாசலில் நின்றவரே தடுத்துவிட்டார். இடம் பப். இருபத்தோரு வயது ஆகவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்களாம். தொம்மலூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனவன் அரை மணியில் திரும்பி வந்து நின்றான். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் பங்க் இசையை இன்னும் வேகமாக்கி, இன்னும் சுருக்கிச் செய்ததுதான் ஹார்ட்கோர். கலிபோர்னியாவில் பிளாக் ஃப்ளாக், வாஷிங்டனில் பேட் பிரெய்ன்ஸ், மைனர் த்ரெட். பாட்டு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷம்தான். நம்ம சபாவில் ஒரு வர்ணம் முடிவதற்குள் இவர்கள் நாலைந்து பாட்டை முடித்துவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் அசந்துபோனது வேறு ஒரு விஷயத்தில். வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்று பள்ளிக்கூட வயதுப் பையன்களின் குழு ஒன்று இருந்தது. 1980ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வாசிக்கப் போனார்கள். அங்கே மபுஹாய் கார்டன்ஸ் என்ற இடத்தில் வயது குறைந்தவர்களின் கையில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். குறி இருக்கும் கைக்கு மது கிடையாது, அவ்வளவுதான். பாட்டைத் தாராளமாகக் கேட்கலாம். ஊர் திரும்பியதும் பையன்கள் இதே யோசனையை உள்ளூர் கிளப்பில் சொல்ல, அங்கேயும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு அந்தக் குறியே குடிக்க மாட்டோம் என்பவர்களின் அடையாளமாகி உலகம் சுற்றியது.

அதே பையன்கள் கச்சேரியில் சேர்த்து வைத்த காசில் 1980 டிசம்பரில் ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார்கள். டிஸ்கார்டு என்ற கம்பெனி அப்படித்தான் பிறந்தது. உறைகளைக் கையாலேயே மடித்து ஒட்டினார்களாம். கடன் இல்லை, வட்டி இல்லை. என்னிடம் லோனுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் எனக்கு டார்கெட் போய்விடும் :-)

நம்ம பெங்களூருக்கு வருவோம். 1996லிருந்து ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஃப்ரீடம் ஜாம் என்று கட்டணமே இல்லாமல் ராக் கச்சேரி நடத்தினார்கள். 2007 மார்ச் 17 அன்று அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வந்தது. அப்போதுதான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தேன். மார்ச் கணக்கு முடிப்பு, எங்கே போவது? 2011ல் மெட்டாலிகாவும் அங்கேதான். (இதெல்லாம் மெட்டல், பங்க் இல்லை என்று பையன் அடிக்க வருவான். ஆனால் நம் நாட்டில் இரண்டு கூட்டமும் பெரும்பாலும் ஒரே மேடையைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. மும்பையின் ஸ்க்ரைப் அப்படிப்பட்ட குழுதான்.)

பெரிய குழுவுக்கு எப்படியாவது மைதானம் கிடைத்துவிடும். நூறு பேர் கூடுகிற கச்சேரிக்குத்தான் இடம் இல்லை, பப்பை விட்டால் வேறு கதியில்லை. அதற்கும் 2005ல் போலீஸ் லைசென்ஸ் உத்தரவு வந்தது. வழக்கு நீண்டு, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. நோட்டீஸ்கள் பறந்தன, பல பப்களில் பாட்டு நின்றது. இந்திரா நகரில் 2013ல் திறந்த ஹம்மிங் ட்ரீ 2019ல் மூடப்பட்டது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் என்கிறது 2000ஆம் ஆண்டு விதி. பையன் கைக்குழந்தையாக இருந்தபோது, பக்கத்துத் தெரு மொட்டை மாடியிலிருந்து வந்த டமடமா தாங்காமல் 100க்கு போன் போட்டவன் நான்தான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஊர்க் கொடையில் விடிய விடிய நையாண்டி மேளம் அடிப்பார்கள். முன் வரிசை முழுக்கப் பொடிசுகள்தான். வயசு என்னன்னு எங்களை யாரும் கேட்டதில்லை. தவில் சத்தம் நெஞ்சுக்குள் இறங்குவதை ஏழு வயதில் அனுபவித்தவன், பதினாறு வயதுக்காரனிடம் என்ன சொல்வது?

புதுப் பாட்டு வந்தால் மட்டும் அவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் 1982ல் தொடங்கிய மேக்சிமம் ராக்கன்ரோல் பத்திரிகையின் விமர்சனப் பக்கம்தான் வழி. 2019ல் அச்சை நிறுத்திவிட்டார்கள். இப்போது பேண்ட்கேம்ப். 2020 மார்ச் 20ல் ஆரம்பித்து, சில வெள்ளிக்கிழமைகளில் தன் கமிஷனை விட்டுக்கொடுத்துப் பணத்தைக் குழுக்களுக்கே தருகிறது. அந்த வெள்ளி வந்தால் என் கார்டு காணாமல் போகும்.

தொம்மலூரிலேயே 2019லிருந்து பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் இருக்கிறது. நடந்தே போகலாம், பிள்ளைகளையும் விடுவார்கள். "அங்க எல்லாரும் உட்கார்ந்து கேப்பாங்கப்பா" என்றான் பையன். நியாயம்தான்.

அதனால் எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளரிடம் கீழ்த்தள ஹாலைக் கேட்டிருக்கிறேன். ஞாயிறு மதியம் மூன்று மணி. நியூயார்க்கின் சிபிஜிபியில்கூட எண்பதுகளில் ஹார்ட்கோர் கச்சேரி ஞாயிறு பகலில்தான், எல்லா வயதினருக்கும். செயலாளர் யோசித்துவிட்டு, "பாட்டு ரொம்ப நீளமா இருக்குமா சார்?" என்றார்.

"ஒண்ணரை நிமிஷம் சார்" என்றேன். எத்தனை பாட்டு என்று அவர் கேட்கவில்லை.